லுயாந்தோவின் கரிமூட்டம்

இரண்டாம் வருடமும் மழை பொய்த்தபோது, க்வெம்பே பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் கூடி, மிச்சமிருக்கும் மொபானே மரங்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. காவல் குழுவுக்கு முன்சாகாவைத் தலைவராக்கினார்கள். நேர்மையானவர், கணீரென்ற குரல்.

முதலில் மாட்டியவள் சிபேகோ. புருஷனை இழந்தவள், மூன்று குழந்தைகள். மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்தாள். முன்சாகா கரி மூட்டைகளைப் பிடுங்கிப் பள்ளிக்கூடச் சமையலுக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை. தேவாலயத்து வாசலில் எல்லார் முன்னிலும் அவளை நிற்க வைத்தார்.

"பசி உனக்கு மட்டும்தானா? என் வீட்லயும்தான் வயல் காஞ்சு கெடக்கு. நாங்க மரத்தையா வெட்டித் திங்கிறோம்?"

சிபேகோ தலை நிமிரவே இல்லை.

அடுத்த மாதம் ஓடைக்கரையில் புகை எழுந்தது. முன்சாகா குழுவோடு விரைந்தார். சிபேகோவும் பின்னாலேயே வந்தாள். பழி மறுபடியும் தன் மேல் விழக் கூடாதே என்று.

மண் மூடிய மூட்டத்தின் பக்கத்தில் முகமெல்லாம் கரியோடு நின்றவள் லுயாந்தோ. அவருடைய மனைவி.

"நீயா?"

"நாந்தான்."

"வீட்ல மாவு இருக்கே. லுசாகா டவுன்லேர்ந்து மக பணம் அனுப்புறாளே."

"அவ வேலை போயி அஞ்சு மாசமாச்சு. நீங்க தெனமும் சாப்பிட்ட களி இந்தக் கரியை வித்த காசுலதான் வந்துச்சு. மாவு எங்கேருந்துன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

பின்னால் நின்ற சிபேகோ முன்னே வந்தாள்.

"என்ன தலைவரே, அன்னிக்கு அவ்வளவு பேசினீங்க. இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

முன்சாகாவின் காது மடல்கள் எரிந்தன. லுயாந்தோ ஏற்கெனவே கட்டி வைத்திருந்த கரி மூட்டைகளைத் தானே தலையில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். கரித்தூள் கழுத்தில் வழிந்தது. வழியில் பார்த்தவர்கள் வணக்கம் சொல்லாமல் ஒதுங்கி நின்றார்கள். அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் சிபேகோ வீட்டுக்குப் போனார். காய்ந்த காட்டுக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்மா."

"என்னை ஊருக்கு முன்னாலதானே பேசினீங்க? இதையும் அங்கேயே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அதே வாசலில் முன்சாகா நின்றார். கணீர்க் குரல் வரவில்லை.

"என் வயித்துக்குள்ள இருந்ததும் அந்த மரம்தான். தெரியாமத் தின்னேன். தெரிஞ்சுக்க நான் விரும்பல, அதுதான் நெசம். சிபேகோ, உன்னை இங்க நிக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோ. இனி நான் தலைவர் இல்லை."

கேலி பண்ணுவார்கள் என்று நினைத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் நகத்திலும் கரி இருந்தது. லுயாந்தோ மட்டும் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்க்க அவரால் முடியவில்லை.