முட்டிச் சில்லுக்கு உள்பக்கம், ஒரு விரல் கீழே

டாக்டரம்மா தையல்காரியின் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி நிறைய பிழியறீங்களா? கத்தரிக்கோல் எவ்வளவு நேரம் பிடிக்கறீங்க? வீட்டுல யாருக்காவது மூட்டுவாதம் உண்டா?"

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்."

"போன மாசமும் அங்கேதானே விழுந்தீங்க?"

பின்னால் நின்ற புருஷன் தொண்டையைச் செருமினான். டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். "இது முறுக்கின காயம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தக் கையில ஊசிகூடப் பிடிக்க முடியாது."

அந்தக் கைதானே அவள் பிழைப்பு!

அடுத்து அவனுடைய முழங்கால். "பதினஞ்சு வருஷமா மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டினா மூட்டு தேயாம என்ன செய்யும்? வேலைக்குக் கொஞ்ச நாள் லீவு போடுங்க. தைலம் தேய்ங்க."

தேய்த்தது யார்? அவளேதான், அதே நோவுக் கையால். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல!

"அங்க இல்லடி. முட்டிச் சில்லுக்கு உள்பக்கம், ஒரு விரல் கீழே. ஆங், அங்கதான். தொட்டாலே உயிர் போகுது" என்று தினமும் அவனே இடத்தைக் காட்டிக் கொடுத்தான்.

பத்தாம் நாள் மதியம். பள்ளிச் சீருடைத் துணியை வெட்டிக்கொண்டே அக்காவுடன் போனில் பேசிச் சிரித்தாள். அவ்வளவுதான், சனியன் பிடித்தவனுக்குப் பொறுக்கவில்லை.

"யார்கிட்டடி இளிப்பு?"

"அக்காங்க."

போன் சுவரில் மோதிச் சிதறியது. கன்னத்தில் விழுந்த அறையில் அவள் உதடு கிழிந்தது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைத் தையல் மெஷினில் இடித்தான். தரையில் விழுந்தவளின் வலது கையைப் பற்றி, டாக்டரம்மா மணிக்கட்டில் போட்டிருந்த கட்டுத்துணியைப் பிய்த்தெறிந்தான்.

"இந்தக் கை இருக்கிற திமிர்தானே உனக்கு?"

முறுக்க ஆரம்பித்தான். உள்ளே ஏதோ நறநறத்தது. ஐயோ, போச்சு என்று நினைத்த அந்த நொடியில் கண்ணெதிரே நின்றது அவன் முழங்கால். உள்பக்கம். ஒரு விரல் கீழே. குதிகாலால் ஓங்கி உதைத்தாள்.

அவன் அலறியபடி சாய்ந்தான். சாய்ந்தும் புத்தி வரவில்லை, மறுபடி அதே மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். மெஷினுக்கடியில் கிடந்த அவனுடைய டைல்ஸ் தட்டும் ரப்பர் சுத்தியலை இடது கையால் எடுத்தாள். அதே இடத்தில் ஒன்று. பிடி விடவில்லை. இன்னொன்று. முட்டி பக்கவாட்டில் மடங்கியது, பிடி விட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் போனாள். டாக்டரம்மா விரல் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "மயிரிழையில தப்பிச்சிருக்கு. ஆறு வாரம் அசைக்காதீங்க." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சற்று நேரத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் கூட வேலை செய்யும் கொத்தனார். முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

பெண்டாட்டியிடம் அடி வாங்கினேன் என்று கொத்தனார் முன்னால் எப்படிச் சொல்வான்? தலையைக் குனிந்தான். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்."

"பொய்யி டாக்டர்" என்றாள் அவள். கிழிந்த உதடு எரிந்தது. "நான்தான் சுத்தியலால அடிச்சேன். என் கைய முறுக்கினது அவன். மூணு தடவையும் அவன்தான். ரெண்டு பேர் சீட்டிலயும் அப்படியே எழுதுங்க."