வலது கால் பூட்ஸ்

கட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த குஞ்சம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கணவர் ராயப்பனின் வலது பாதத்தில் எட்டு மாதமாகச் சீழ் வடிந்த புண் மூடியிருந்தது. நாலு நாளாகக் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு, கட்டைத் தொட விடாதவர், இன்று விடியும்போது போய்விட்டார்.

"செல்லக்கண்ணு, இங்க வந்து பாரேன்."

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்த நாத்தனார் குனிந்து பார்த்தாள். "மேல ஆறியிருக்கு அண்ணி. உள்ள எப்படியோ."

"ஆறியிருக்குல்ல?"

"அன்னைக்கே வெட்டியிருந்தா அண்ணன் இருந்திருக்கும்."

பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஆசுபத்திரியில் சொன்னபோது ராயப்பன் சரி என்றுதான் சொன்னார். குஞ்சம்மாதான் ஒற்றைக் காலில் நின்று தடுத்தாள். பெரிய வெள்ளிக்கிழமை கோவிலில் உபதேசியார் சின்னப்பன் விளக்கியிருந்தார்: சேசுநாதர் பட்ட அடிகளை எத்தனையோ நூறு வருஷம் முன்பே இசையாஸ் தீர்க்கதரிசி சொல்லிவிட்டாராம். அந்தக் காயங்களால்தான் நமக்குச் சுகமாம். அதைக் கேட்டு வந்தவள் கத்தி வைக்க விடுவாளா?

ஜெபம் சொல்ல வந்த உபதேசியாரை நேரே கால்மாட்டுக்கு அழைத்துப் போனாள்.

"புண்ணு ஆறிப்போச்சுங்க. அவரு போயிட்டாரு. நான் செஞ்சது சரியாங்க, தப்பாங்க?"

உபதேசியார் குனிந்து பாதத்தைப் பார்த்தார். "தீர்க்கதரிசி சொன்னது ஆத்துமத்தைம்மா. பாவங்கிற புண்ணை."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"நீங்க கேக்கலையேம்மா."

கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சேசு சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா, இல்லையா? காப்பாற்றினார் என்றால் இந்த மனுஷன் ஏன் எழுந்திருக்கவில்லை? காப்பாற்றவில்லை என்றால் புண் எப்படி மூடியது? கொன்றது நானா? யாரிடம் கேட்பது?

செல்லக்கண்ணு அண்ணனுக்குப் போட்டுவிட அவருடைய கோட்டையும் இடது கால் பூட்ஸையும் எடுத்துவந்தாள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது வாங்கிய பூட்ஸ். வலது கால் நுழையாமல் எட்டு மாதமாக மற்றது பரணில் கிடந்தது.

"அதையும் எடு."

"போகுமா அண்ணி?"

"எடு."

முந்தானையால் தூசியைத் துடைத்து மாட்டினாள். கால் சுலபமாக உள்ளே போயிற்று. இடது பூட்ஸின் கயிற்றை இறுக்கி முடிந்தாள்.

வலது பூட்ஸின் கயிற்றை, வலிக்குமே என்று தளர்த்தியே கட்டினாள்.