லைசென்ஸ் உள்ள கை

தெய்வாத்தாளின் கண்ணிலிருந்து எடுத்த ஈயக் குண்டை டாக்டர் ஒரு கிண்ணியில் போட்டுக் காட்டினார். பச்சைப்பயறு அளவுதான் இருந்தது. வேங்கடசாமி அதைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தக் கண்ணுல இனிப் பார்வை வராதுங்க. போலீசுக்குச் சொல்லியனுப்பியிருக்கறோம்."

காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் வேங்கடசாமிக்கு வாழையும் சோளமும் இருந்தன. தெய்வாத்தாள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். காட்டுப்பன்றிக்காக வாங்கிய ஒத்தைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டுப் பீரோவில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினன் சரவணன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"இதுக்குப் போயி ரெண்டு வருசம் லைசென்சுக்கு அலைஞ்சீங்களா மச்சான்? நானிருக்கற ஊர்ல கடைக்குப் போயி, பாரத்துல கையெழுத்துப் போட்டா அன்னைக்கே ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தர்லாம்."

"இங்க தாசில்தார், போலீசு, கலெக்டர்னு எல்லாருக்கும் கும்பிடு போடோணும் மாப்ளே. எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டுபோயி வெச்சறோணும். என்னையத் தவுத்து இன்னொருத்தர் கை படக்கூடாது."

சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே, ஒரேயொரு தடவை என்று சரவணன் கெஞ்சியதும், தோட்டாவைப் போட்டு அவன் கையில் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஊரில் இருந்தும் அவன் அதுவரை துப்பாக்கியைத் தொட்டதேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சோளக்காட்டுக்குள் ஏதோ அசைந்தது. "பன்னிதான். அடி மாப்ளே!" என்று சொன்னவர் வேங்கடசாமிதான். குண்டு வெடித்ததும் கேட்டது, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த தெய்வாத்தாளின் அலறல்.

ஆஸ்பத்திரிக்கு ஏட்டு வந்தபோது உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் நின்றிருந்தார். "ஏனுங்க, எந்தம்பி பொழப்பே போயிருமுங்க" என்று மனைவி நாச்சியம்மாள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தது காதுக்குள்ளேயே இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த தெய்வாத்தாள் பேசினாள்.

"திருட்டு வேட்டைக்கு வந்தவங்க யாரோங்க. பொழுது எறங்கிருச்சுங்க, மொகம் தெரியலீங்க."

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏட்டு இவரைப் பார்த்தார். "உங்க துப்பாக்கி எங்கீங்க?"

"பீரோலதானுங்க இருக்குது."

அது மட்டும் உண்மை.

சரவணன் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "இங்கன்னா இந்நேரம் உள்ள போட்டிருப்பாங்க மச்சான். நல்லவேளை, அங்க நடந்துச்சு." வேங்கடசாமி போனை நாச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு பீரோ இருந்த அறைக்குள் படுப்பதை விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் தெய்வாத்தாளின் வீட்டுக்கே போனார். அவள் பதறி எழுந்து பாயை உதறிப் போட்டாள்.

"ஸ்டேசனுக்குப் போயி உள்ளதைச் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன், தெய்வாத்தா."

"வேண்டாமுங்க பண்ணாடி. அப்பறம் பொய் சொன்னவன்னு என்னையத்தானுங்களே புடிப்பாங்க?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு நின்றபோதே அவளையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது இப்போதுதான் புரிந்தது.

"உனக்குத் தெரியுமா, யாருன்னு?"

"தெரியாம என்னுங்க? அடின்னு நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுங்க." குரலில் கோபம் எதுவுமில்லை. "நாளைக்கும் உங்க காட்டுலதானுங்களே நான் வேல செய்யோணும்."

"வெயில்ல வந்திருக்கறீங்க" என்று மோர்ச்சட்டியையும் ஒரு டம்ளரையும் எடுத்து வந்தாள். இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் அவர் பச்சைத் தண்ணி குடித்ததில்லை. டம்ளரை நீட்டினார். கழுத்தை ஒருக்களித்து, மிச்சமிருந்த கண்ணால் குறிபார்த்து அவள் ஊற்றினாள். மோர் டம்ளருக்கு வெளியே, அவருடைய மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரைக்கும் வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வேங்கடசாமி சத்தமில்லாமல் டம்ளரை நகர்த்தி, மோர் விழுகிற இடத்தில் பிடித்துக்கொண்டார்.