தராசை விட்டு எழும்பாத பை

கோம்பை பூங்கனி சூப்பர் மார்க்கெட்டில் அரைக்கிலோ கத்தரிக்காய் தராசை விட்டு எழும்பாமல் போனது, சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. காய் வாங்க வந்த அன்னத்தாய் பையை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மேனேஜர் அஜய்குமார் இழுத்தான். அரிசி மூட்டை தூக்குகிற ரெண்டு பேர் காலை ஊன்றி இழுத்தார்கள். ம்ஹூம். தராசைத் தூக்கினால் மட்டும் பையும் ஒட்டிக்கொண்டு லேசாக வந்தது. பில் போட்டாச்சு, காய் என் காய் என்று அன்னத்தாய் தராசோடு இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் கடையின் மற்ற ரெண்டு தராசுகளும் அப்படியே ஊருக்குள் போய்ச் சேர்ந்தன.

அன்று காலையில்தான், ஆறு வருசமாகக் காய் எடை போட்ட சொர்ணலதாவை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். எடை போட்ட கையோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ரெண்டு பச்சை மிளகாய் கொசுறாகப் போடுவாள். கொசுறு விழாமல் பையை மூடுகிற பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது. தேனி ஹெட் ஆபீசில் உட்கார்ந்து கேமரா பார்த்தவர்கள் அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்த லட்சணத்தைப் பாருங்கள்! சம்பளம் போனது சொர்ணலதாவுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு சொல்தான் அவளுக்கு ஆறவே இல்லை.

வியாழக்கிழமைக்குள் கம்பம், போடி, சின்னமனூர் என்று ஒன்பது கிளைகளிலும் பைகள் ஒட்டிக்கொண்டன. ஹெட் ஆபீஸ் கொசுறுக்கு ஒரு ரூபாய் விலை வைத்து பார்கோடு ஒட்டியது. அப்படியும் பை எழும்பவில்லை; இழுத்த இழுப்பில் கம்பத்தில் தராசு மேசையின் கால் முறிந்ததுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை முதலாளி ஜாஸ்பரே அவள் வீடு தேடி வந்தார். அவளை ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே வேலையில் சேரச் சொன்னார்.

"நான் திருடல முதலாளி, குடுத்தேன். கடுதாசிய நீங்க எழுதி வாசல்ல ஒட்டுங்க. இல்லைன்னா காய் அங்கனயே கெடக்கட்டும்" என்றாள் சொர்ணலதா.

வாய்க்கொழுப்பு என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள்தான். ஜாஸ்பர் முகம் கறுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகக் கோம்பைக்கு வந்து, கடை வாசல் சுவரில் சீல் வைத்த தாளை அவர் கையாலேயே ஒட்டினார். 'சொர்ணலதா திருடவில்லை. தவறு எங்களுடையது.' மறுநாள் காலையில் அவள் அதை ரெண்டு தரம் படித்துவிட்டு உள்ளே போனாள். அன்னத்தாய் தராசோடு வந்தாள். கறிவேப்பிலை விழுந்ததும் பை எழும்பியது. காய் வாடியிருந்ததால் அன்னத்தாய் வேறு காய் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது ஒன்பது கிளைகளிலும் கொசுறு உண்டு. எடையளவு அதிகாரி வருசா வருசம் வந்து, தராசு சரி என்று முத்திரை வைத்துப் போகிறார். போன பொங்கலுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது அஜய்குமார் அந்தத் தாளைக் கிழிக்கப் போனான். வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த சொர்ணலதா தலையை நிமிர்த்தாமல், "அது இருக்கட்டும்" என்றாள். பெயிண்டர் தாளைச் சுற்றி அடித்துவிட்டுப் போனான்.