நான் தப்பில்லாமல் பேசிய ஒரே வாக்கியம்

இரண்டாம் மொழித் தேர்வில் ஏற்கனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன். மூன்றாவதும் போனால் வேலையும் போய்விடும். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நான்கு வருடமாக மனு வாங்கும் ஜன்னலில் வேலை பார்க்கிறேன், அதில் என்ன குறை கண்டார்களாம் என்று தினமும் வீட்டில் கத்துவேன்.

"கத்துற நேரத்துல நாலு வார்த்தை படிக்கலாம்ல?" என்பாள் மனைவி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த மொழிக்காரர்கள் ஜன்னலுக்கு வந்தாலே எனக்குப் பயம். பக்கத்து மேஜை அண்ணனுக்கு அந்த மொழி தண்ணி பட்ட பாடு. கேட்கலாம்தான். கேட்டால் என் மானம் என்னாவது? அதனால் ஒரே ஒரு வாக்கியத்தை அவர்கள் மொழியில் உருப்போட்டு வைத்திருந்தேன். "அதிகாரி இல்லை, நாளைக்கு வாங்க." முகத்தில் கொஞ்சம் வருத்தத்தையும் சேர்த்துக்கொள்வேன்.

அந்த மொழிக்கார அம்மா ஒருவர் பழுப்பு உறையோடு இரண்டு மாதமாக வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த உறையை நான் ஒரு நாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பற்றிப் பத்து வரி மனப்பாடம் செய்து போயிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நடுவில் இருந்த அம்மையார் அந்த மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். 'ஜன்னல்', 'அப்பா' இரண்டும்தான் பிடிபட்டன. என் வாய் தானாகத் திறந்தது.

"அதிகாரி இல்லை, நாளைக்கு வாங்க."

பழக்கதோஷம், முகத்தில் வருத்தமும் வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. நம் மொழிக்கு மாறினார்.

"உங்க ஜன்னலுக்கு வந்தவ மாதிரி, அப்பா செத்துட்டாரு, சர்டிபிகேட் வேணும்னு கேட்டேன். உச்சரிப்பு சுத்தமா இருக்கு. எத்தனை பேர்கிட்ட சொல்லிப் பழகுனீங்க?"

கூனிக் குறுகிப் போனேன்.

ஆனாலும் ஒரே ஒரு மார்க்கில் தேறிவிட்டேன். சிரித்தவர்கள் போட்ட மார்க்காகத்தான் இருக்கும். "என்ன கேட்டாங்க?" என்று மனைவி ஆசையாகக் கேட்டாள். "ஏதோ கேட்டாங்க" என்று நழுவிவிட்டேன். அலுவலகத்தில் அண்ணன் எழுந்து வந்து கைகுலுக்கினார். எனக்குக் கையைக் கொடுக்கவே கூசியது.

மறுநாள் காலை வரிசையில் அந்த அம்மா நின்றிருந்தார். இன்றைக்கு எப்படியும் உறையை வாங்கிவிடுவது என்று இருந்தேன். அவர் முறை வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவரே நம் மொழியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"அதிகாரி இல்லை... பரவாயில்லை. நாளைக்கு வரேன்."

எனக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். சொல்லிவிட்டுச் சிரித்தபடியே வாசலைப் பார்த்து நடந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் மொழியில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

எழுந்து நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அண்ணே, 'நில்லுங்க'ன்னு அவங்க மொழியில எப்படிண்ணே சொல்றது?"