மாவு மில்லும் மூங்கில் ஏரியலும்

எங்கள் தீவில், ஜங்லிகாட்டில், அந்தக் காலத்தில் யார் வீட்டு ரேடியோ இரைந்தாலும் பழி என் மாவு மில்லின் மேல்தான் விழும். அறுபத்தெட்டு டிசம்பரில் அது முற்றிவிட்டது. சாயங்காலமானால் தெருவில் ஒரு ரேடியோவிலும் பேச்சு கேட்காது, ஒரே கரகரப்பு. அதே நேரத்தில்தான் என் மோட்டாரும் ஓடும். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அரிசி அரைக்க வேறு எப்போது வருவார்களாம்?

தெரு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர் இருதயநாதன் அண்ணன். அவர் மகன் செபஸ்தியான் டோங்கிப் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். புயல் செய்தி காதில் விழாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

"செல்வம்மா, சாயங்காலம் உன் மாவுச் சக்கிய பந்த் பண்ணு. பிள்ள கடல்ல கெடக்கான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பந்த் பண்ணிட்டு நான் எங்க போவேன்? மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறவா?"

புருஷன் போன பிறகு அந்த மில் ஒன்றுதான் என்னை இந்தத் தீவில் நிறுத்தி வைத்திருந்தது. வயர்லெஸ்காரர் வந்து சோதிக்கட்டும், மோட்டார்தான் காரணமென்றால் மூடிவிடுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

வந்தவர் பெயர் அழகேசன். கரகரப்பு இருக்கும்போதுதான் பார்க்க வேண்டுமென்று, தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை ஏற்றிய பிறகு வந்தார். கரகரப்பு பட்டால் முள் ஆடும் ஒரு பெட்டி, நீண்ட மூங்கில், கயிற்றை இழுத்தால் அதில் ஏறி இறங்கும் ஏரியல். அவ்வளவுதான் சாமான். மில்லை ஓடவிட்டு, ஏரியலை நெஞ்சு உயரத்தில் நிறுத்திப் பார்த்தார். முள் சும்மா கிடந்தது.

"பாத்தாச்சுல்ல சார். மோட்டார் மேல குத்தமில்லன்னு சொல்லிருங்க" என்றேன்.

"இன்னும் முடியலக்கா. நேரா வர்ற ரேடியோ அலையும் தரையில பட்டு வர்ற அலையும் ஒரு உயரத்துல ஒண்ணையொண்ணு அமுக்கிரும். ஏத்தி எறக்கித்தான் பாக்கணும்."

இருதயநாதன் அண்ணனுக்கு இது உடனே பிடித்துவிட்டது. "சரியாச் சொன்னீங்க சார். மீன் நிக்கிற ஆழத்துல தூண்டி இருந்தாத்தான கடிக்கும். நல்லா மேல ஏத்துவோம்" என்று கயிற்றை வாங்கி அவரே இழுத்தார்.

ஏரியல் என் கூரையைத் தாண்டியதும் முள் துள்ளியது. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மோட்டார நிறுத்துங்கக்கா" என்றார் அழகேசன்.

இதுதான் கடைசி முறை என்று நினைத்துக்கொண்டே நிறுத்தினேன்.

முள் அடங்கவில்லை. துள்ளியது, விழுந்தது, மறுபடியும் துள்ளியது. அழகேசன் ஏரியலை மெல்லத் திருப்பினார். முள் அதிகமாகத் துள்ளிய திசையில், தெருவிலேயே உயரமான கம்பத்தில், இருதயநாதன் அண்ணன் கட்டிய காகித நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தது. அது மினுக்கும்போதெல்லாம் முள்ளும் துள்ளியது.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"டியூப்லைட் ஸ்டார்ட்டர் சார். மினுக்குறதுக்கு." அண்ணன் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "எல்லார் வீட்டுலயும் ஸ்டார் எரியுது. எம் பிள்ள கடல்ல இருந்து பாத்தா நம்ம வீடு எதுன்னு தெரியணும்ல."

ஒரு வாரமாக அவரைத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்கு மறந்தே போயின. பாவமாக இருந்தது. "அதக் கழட்டிட்டு மொதல்ல செய்தியக் கேளுங்கண்ணே" என்றேன்.

கழற்றினார். நான் மோட்டாரைப் போட்டேன். மோட்டார் ஓட ஓடவே அவர் வீட்டு ரேடியோவில் வானிலை அறிக்கை தெளிவாகக் கேட்டது. புயல் ஏதுமில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். என்னைக் கேட்காமலேயே மில் வாசலில் குழி தோண்டினார்.

"உன் மில்லு கடலுக்கு நேரா நிக்கிது. மினுக்காட்டியும் தனியாத் தெரியும். விடியக் கரைக்கு வந்த பிள்ளகிட்ட சொல்லிட்டேன், சக்கி மேல எரியிறதுதான் நம்ம ஸ்டாருன்னு" என்றார்.

அவர் இருந்தவரை வருஷா வருஷம் அந்த நட்சத்திரம் என் மில்லின் மேல்தான் எரிந்தது. இப்போது தெருவெல்லாம் கலர் கலராக மினுக்குகிறது. எனக்கென்னவோ டிசம்பர் வந்தால், மினுக்காத அந்த ஒன்றைத்தான் கண் தேடுகிறது.