காற்று படாத குளிர்ச்சி

சிதம்பரத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அதன் மாடி வார்டில் ஏசியின் வாயைத் துண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வார்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை என்று கணக்குப் போடக் கடலூர் ஏசி கடையிலிருந்து வந்திருந்த சிந்துஜா, அளவு டேப்பும் கையுமாக அதைப் பார்த்தபடி நின்றாள்.

"மெஷின் பத்தல, ரூம் அனலா கொதிக்குது. பெருசா எது போடலாம்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஆஸ்பத்திரி டாக்டர் ரேகா சொல்லியனுப்பியிருந்தார். பத்தாமல் என்ன செய்யும், பாவம்! டாக்டர் பார்க்க வரும் நேரத்துக்கு நர்ஸ் துண்டை அவிழ்த்து ஓடவிடுவார். டாக்டர் படியிறங்கியதும் துண்டு மறுபடி ஏறிவிடும். கட்டுகிறவர் கம்மாபுரத்துக் கொளஞ்சியம்மாள். வார்டில் அன்று இருந்த ஒரே தாய் அவர் மகள் பொன்னிதான்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு சில்லு காத்து ஆவுமா, நீயே சொல்லு" என்றார் சிந்துஜாவிடம்.

சிந்துஜா சுவர்களை அளந்தாள், மேற்குப் பார்த்த ஜன்னலை அளந்தாள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தளம் தலைக்கு மேல் தகித்தது. காதைச் சுற்றிக் கட்டியிருந்த துணிக்குள் பொன்னி வியர்த்து வழிந்தாள். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அம்மா வெந்நீர் பிடிக்கப் போன சமயம் பார்த்துப் பொன்னி மெல்லச் சொன்னாள்.

"அக்கா, பெத்த வலியக்கூட தாங்கிட்டேன். இந்தப் புழுக்கத்த தாங்க முடியல."

சிந்துஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிடிவாதமா? ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, துண்டில் கை வைத்துவிட்டாள். அதற்குள் வெந்நீரோடு திரும்பிய கொளஞ்சியம்மாள் ஓடிவந்து அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் கண்ணு. மூத்தவள இப்பிடித்தான் சில்லு காத்துல படுக்கவெச்சேன். ஜன்னி கண்டு போய்ட்டா. எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம்."

சிந்துஜா வெட்கத்தோடு இறங்கினாள். போட்ட கணக்கை மறுபடி பார்த்தாள். வெக்கையில் பாதி, மேல்தளத்திலிருந்தே வந்தது.

"ஏம்மா, காத்து மேல படக்கூடாதா, இல்ல ரூமே குளுமையா இருக்கக்கூடாதா?"

"குளுமைய யாரு வேணாம்னா? காத்துதான் ஆவாது."

சிந்துஜா கீழே போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். "பெரிய மெஷின் வேணாம் டாக்டர், அது இன்னும் வேகமாத்தான் வீசும். மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிங்க, ஜன்னலுக்கு வெளிய நெழலு வர்ற மாதிரி தடுப்பு போடுங்க. இருக்கிறதே மெதுவா ஓடுனா போதும்." வியாபாரம் போச்சே என்று கடை முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஆனால் பெயிண்ட் அடிக்க நாளாகும், பொன்னிக்கோ இன்றைக்கே வேண்டும். சிந்துஜாவும் நர்ஸுமாகக் கட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஒரு திரையை நிறுத்தினார்கள்.

"துண்ட நீங்களே அவுருங்கம்மா. ஒங்க கையில காத்து பட்டா ஒடனே நிறுத்திடறேன்."

கொளஞ்சியம்மாள் தயங்கித் தயங்கி அவிழ்த்தார். சிந்துஜா காற்று மேலே தளத்தைப் பார்த்துப் போகும்படி திருப்பி, வேகத்தைக் குறைத்து வைத்தாள். கொளஞ்சியம்மாள் மகளின் தலைக்கு மேல் உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றார்.

அறை மெல்லக் குளிர்ந்தது. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை அடங்கியது. பொன்னியும் கண்ணயர்ந்தாள்.

"உக்காருங்கம்மா, காத்து வரல" என்றாள் சிந்துஜா.

"தெரியுது கண்ணு" என்றார் கொளஞ்சியம்மாள். கையை மட்டும் இறக்கவில்லை.